செஷன் ஐடி: உருவாக்குவதிலிருந்து அழிப்பது வரை, வரிசை தவறாமல்

லாகின் பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பாஸ்வேர்டை ஹேஷ் செய்துதான் (திரும்ப மூலத்தைப் பெற முடியாத வடிவத்துக்கு மாற்றித்தான்) வைக்க வேண்டும் என்பதும் இப்போது பரவலாகத் தெரிகிறது. பாஸ்வேர்டு சரி என்று ஆன அடுத்த நொடி என்ன செய்வது என்பதில்தான் தடுக்கி விழுகிறார்கள். புதிதாகச் சேர்பவர்கள் எழுதும் நிரலை, அதாவது கோடைப் படித்துப் பார்த்துத் திருத்துவது சில ஆண்டுகளாக என் வேலை. அதில் திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளை வைத்து இதை எழுதுகிறேன். அவற்றில் பாதி, முன்னே செய்ய வேண்டியதைப் பின்னே செய்ததால் வந்தவை.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறை வரும்போதும் நீங்கள் அதற்குப் புது ஆள்தான். அதனால் லாகின் ஆனவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, அடுத்த முறை அதைக் காட்டச் சொல்கிறோம். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கன் மாதிரிதான். யார் கொண்டுவந்து நீட்டினாலும் செருப்பு அவருக்கு. அவரைப் பற்றி சர்வர் வைத்திருக்கும் பதிவு செஷன், சீட்டில் உள்ள மதிப்பு செஷன் ஐடி. அதுவும் டோக்கன் போலத்தான்; உயிரோடு இருக்கும் வரை பாஸ்வேர்டுக்குச் சமம்.

1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

முதலில் தளம் முழுவதும் எச்டிடிபிஎஸ். லாகின் பக்கத்துக்கு மட்டும் போதாது. 2010 வரை பல பெரிய தளங்கள் லாகினை மட்டும் மறைகுறியாக்கிவிட்டு, மற்றப் பக்கங்களைத் திறந்த எச்டிடிபியில் அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி வெளிவந்தது. அதே திறந்த வைஃபையில் உட்கார்ந்திருப்பவர்களின் குக்கிகளை (தளம் கொடுத்து, பிரவுசர் ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டும் சீட்டுகளை) பிடித்து, ஒரே கிளிக்கில் அவர்கள் கணக்குக்குள் நுழையவிட்டது. பாஸ்வேர்டு யாருக்கும் தேவைப்படவில்லை.

இரண்டாவது, செஷன்களை வைக்க சர்வர் பக்கம் ஓர் இடம். நினைவகத்தில் வைத்து வேகமாகத் தேடும் ரெடிஸ் இருந்தால் நல்லது, டேட்டாபேஸில் ஒரு டேபிளும் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர் ஓடுகிறது என்றால் செஷனைச் சர்வரின் நினைவகத்தில் வைக்காதீர்கள். ஒரு சர்வரில் லாகின் ஆனவர் அடுத்த சர்வருக்குப் போனதும் வெளியே தள்ளப்படுவார்.

மூன்றாவது, உங்கள் ஃபிரேம்வொர்க் ஏற்கெனவே என்ன செய்கிறது என்று படித்துப் பாருங்கள். ஜாங்கோ, லாராவெல், ஸ்பிரிங், ரெயில்ஸ் எதுவானாலும் செஷன் வசதி உள்ளே இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள், சொந்தமாக எழுதிப் பெருமைப்பட வேண்டிய இடம் இதுவல்ல. ஆனால் அதன் அமைப்புகளைச் சரியாக வைக்கக் கீழே உள்ளது எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

2. ஐடியை உருவாக்குவது

பயிற்சிக்கு வந்த ஒருவர் எழுதிய கோடில் பயனர் எண்ணோடு அந்த நொடியின் நேரத்தை ஒட்டி, எம்டி5 என்ற ஹேஷ் போட்டு, அதையே செஷன் ஐடியாக வைத்திருந்தார். வெளியே வருவது 32 எழுத்து; பார்க்கப் பலமாகத்தான் இருக்கிறது. 128 பிட் இருக்கிறதே என்று கேட்டார். பயனர் எண் 1042 என்பது புரொஃபைல் பக்கத்தின் முகவரியிலேயே தெரிகிறது. அவர் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் லாகின் ஆனார் என்று தெரிந்தால், போட்டுப் பார்க்க வேண்டியவை 3,600 எண்கள்தான். உள்ளே போன தகவலில் இல்லாத புதிரை ஹேஷ் உண்டாக்கித் தராது.

ஆக நீளம் முக்கியமல்ல, ஊகிக்க முடியாமைதான் முக்கியம். கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் 1,00,000 செஷன்கள் உயிரோடு இருக்கின்றன, தாக்குபவர் நொடிக்கு 10,000 ஐடிகளை முயல்கிறார் என்று வைப்போம். ஐடியில் உண்மையான தற்செயல் 32 பிட் என்றால், சராசரியாக நான்கே கால் நொடியில் யாரோ ஒருவரின் செஷன் சிக்கிவிடும். 64 பிட் என்றால் ஏறத்தாழ 585 ஆண்டு. வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப், அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் இரண்டும் குறைந்தபட்சம் 64 பிட் என்று சொல்வது இந்த அளவில்தான். நான் 128க்குக் கீழே போவதில்லை. செலவு ஒன்றும் கூடுவதில்லையே.

எதிலிருந்து எடுப்பது? பாதுகாப்புக்கென்றே உள்ள தற்செயல் எண் மூலத்திலிருந்து மட்டும். பைத்தானில் சீக்ரெட்ஸ் மாட்யூல். நோடில் கிரிப்டோ மாட்யூலின் ரேண்டம்பைட்ஸ். பிஎச்பி 7 முதல் ரேண்டம்_பைட்ஸ். ஜாவாவில் செக்யூர்ரேண்டம். எல்லாமே கடைசியில் இயங்குதளத்திடம் கேட்டு வாங்குபவைதான்.

பைத்தானின் சாதாரண ரேண்டம் மாட்யூலும் ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரேண்டமும் இதற்கு ஆகாது. முன்னதன் உள்ளே ஓடுவது மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்கு முறை. அது தரும் 32 பிட் எண்கள் 624ஐத் தொடர்ச்சியாகப் பார்த்தால், அடுத்து வரப்போவது அத்தனையையும் சொல்லிவிடலாம். தாக்குபவர் 624 முறை லாகின் பக்கத்தைத் திறந்தால் வேலை முடிந்தது.

ஒன்று போல் இன்னொன்று வராதபடி உருவாக்கும் அடையாள எண்ணான யூயூஐடி போதுமா என்று கேட்பார்கள். நான்காம் பதிப்பில் 122 பிட் தற்செயல் இருக்கிறது, நல்ல மூலத்திலிருந்து எடுத்தால் அளவு போதும். முதல் பதிப்பு நேரத்தையும் நெட்வொர்க் கார்டின் முகவரியையும் வைத்துக் கட்டப்படுவது, அதைத் தொடாதீர்கள். எந்த நூலகம் எந்த மூலத்திலிருந்து எடுக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட 32 பைட் நேராகக் கேட்டு வாங்குவது எளிது. அதை, பைட்களை எழுத்துகளாக்கும் பேஸ்64 முறையின் முகவரிக்கு ஏற்ற வடிவத்தில் எழுதினால் 43 எழுத்து வரும். சாதாரண பேஸ்64இல் வரும் + மற்றும் / குறிகள் சில இடங்களில் உருமாறித் தொல்லை தரும்.

மூலம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் லினக்ஸ் ஓர் உதாரணம். 2006இல், மறைகுறியாக்கச் சாவிகளை உருவாக்கும் அதன் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில் ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். 2008 மே மாதம் கண்டுபிடிக்கும் வரை, தற்செயலுக்கு மிஞ்சியது புராசஸ் எண் மட்டும்: 32,768 வாய்ப்புகள். அந்தக் காலத்தில் உண்டான சாவிகள் எல்லாம் பார்வைக்குச் சரியாகவே இருந்தன. நீளத்தையும் தோற்றத்தையும் பார்த்து நம்பாதீர்கள் என்பது அதனால்தான்.

ஐடிக்குள் எதையும் ஒளித்து வைக்காதீர்கள். பயனர் எண், பதவி, காலாவதி எல்லாம் சர்வர் பக்கம் இருக்கட்டும்.

3. சர்வரில் சேமிப்பது

டேபிளில் ஐடியை அப்படியே எழுதாமல் அதன் எஸ்எச்ஏ-256 ஹேஷை எழுதுங்கள். குக்கியில் வருவதை ஹேஷ் செய்து தேடினால் போதும். டேட்டாபேஸின் பேக்கப் ஒன்று வெளியே போனாலும், அதில் உள்ளதைக் குக்கியில் போட்டு யாரும் நுழைய முடியாது. பாஸ்வேர்டுக்குப் போல் உப்பும் (ஹேஷுக்கு முன் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) பிகிரிப்டும் (வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹேஷ்) இங்கே வேண்டாம். அவை மனிதர்கள் யோசித்து வைக்கும் எளிய சொற்களைக் காப்பதற்கு. 256 பிட் தற்செயலை ஊகித்துப் பார்க்க யாராலும் ஆகாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் பிகிரிப்ட் ஓடினால் சர்வர்தான் மூச்சுத் திணறும்.

கூடவே பயனர் எண், உருவான நேரம், கடைசியாகப் பயன்பட்ட நேரம், எந்தச் சாதனம் என்ற குறிப்பு ஆகியவற்றுக்கும் பத்திகள் வையுங்கள். பயனர் எண்ணுக்கு இண்டெக்ஸ் போட மறக்காதீர்கள். ஒருவரின் எல்லா செஷன்களையும் ஒரே நேரத்தில் அழிக்க வேண்டிய நாள் வரும்.

4. குக்கியில் அனுப்புவது

முகவரியில் ஐடியை ஒட்டி அனுப்பும் பழைய வழக்கம் வேண்டாம். முகவரி பிரவுசர் வரலாற்றில் நிற்கும், சர்வர் லாகில் பதியும், யாராவது அதை அப்படியே வாட்ஸ்அப்பில் பகிர்வார்கள். குக்கிதான் சரியான இடம். அதற்குச் சில பண்புகள் வேண்டும்.

செக்யூர் என்பது எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் அனுப்பச் சொல்வது. எச்டிடிபிஒன்லி என்பது ஜாவாஸ்கிரிப்ட் கண்ணில் படாமல் மறைப்பது. பக்கத்தில் வேறு எவருடைய ஸ்கிரிப்டாவது நுழைந்துவிட்டால், அது குக்கியைத் தூக்கிக்கொண்டு போகாமல் தடுக்கும். (நுழைந்த ஸ்கிரிப்ட் பக்கத்தில் இருந்தபடியே செய்யும் அட்டூழியத்தை இது தடுக்காது, அது தனிக் கதை.) டொமைன் பண்பை எழுதவே எழுதாதீர்கள். எழுதினால் எல்லாத் துணை டொமைன்களுக்கும் குக்கி போகும். யாரோ நிறுவி மறந்த பழைய வலைப்பூ மென்பொருள் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

குக்கியின் பெயரை இரண்டு அடிக்கோடு, ஹோஸ்ட், ஒரு சிறுகோடு என்ற முன்னொட்டோடு தொடங்கினால் பிரவுசரே காவல் நிற்கும். செக்யூர் இல்லாமலோ, டொமைன் பண்போடோ, பாத் வெறும் சாய்கோடாக இல்லாமலோ வரும் குக்கியை அந்தப் பெயரில் ஏற்காது.

இங்கே அடிக்கடி வரும் புகார்: செக்யூர் போட்டதும் குக்கியே வரவில்லை. நோடின் எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க்கில் பெரும்பாலும் காரணம், கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்ப முன்னே நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வர். எச்டிடிபிஎஸ் அதோடு முடிந்து, உள்ளே சாதாரண எச்டிடிபியாகப் போகிறது. அதனால் எக்ஸ்பிரஸ் இது பாதுகாப்பான இணைப்பு இல்லை என்று நினைத்துக் குக்கியை அனுப்ப மறுக்கிறது. முன்னே நிற்கும் சர்வர் சொல்வதை நம்பச் சொல்லும் டிரஸ்ட் பிராக்ஸி அமைப்பைச் சரிசெய்ய வேண்டும், செக்யூரை எடுத்துவிடக் கூடாது.

அடுத்தது சேம்சைட்: வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்லும் பண்பு. லாக்ஸ் என்று வைத்தால், வேறு தளத்திலிருந்து லிங்க்கைத் தட்டி வருபவருக்குக் குக்கி போகும். வேறு தளத்தின் படிவம் போஸ்ட் செய்தால் போகாது. ஸ்டிரிக்ட் என்றால் லிங்க்கில் வந்தாலும் போகாது. மெயிலில் உள்ள லிங்க்கைத் தட்டியவர் லாகின் ஆகாதவர் போல் தெரிவார். பெரும்பாலான தளங்களுக்கு லாக்ஸ் சரி. 2020இலிருந்து குரோம் ஒன்றும் சொல்லாத குக்கியை லாக்ஸ் என்றே எடுத்துக்கொள்கிறது. இருந்தாலும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள், எல்லாப் பிரவுசரும் ஒன்று போல இல்லை.

பணம் கட்டும் பக்கத்தில்தான் இது கடிக்கும். பயனர் பேமென்ட் கேட்வேக்குப் போய்ப் பணம் கட்டுகிறார். கேட்வே அவரை போஸ்ட் வழியாக உங்கள் கால்பேக் முகவரிக்குத் திருப்பி அனுப்புகிறது. வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் என்பதால் லாக்ஸ் குக்கி வராது. செஷன் இல்லை என்று பார்த்த ஃபிரேம்வொர்க் புது வெற்று செஷனைத் தொடங்கி, அதன் குக்கியை அனுப்பும். பழைய குக்கி மேலெழுதப்படும். பணமும் போய், லாகினும் போய் நிற்பார் பயனர். உடனே சேம்சைட்டை நன் (எங்கிருந்து வந்தாலும் குக்கி போகலாம்) என்று மாற்றுவார்கள். அப்படிச் செய்தால் தளம் முழுவதற்குமான காவல் போகிறது. சரியான வழி, கால்பேக் முகவரி செஷனையே தொடாமல் இருப்பது. கேட்வேயின் கையொப்பத்தைச் சரிபார்த்து, ஆர்டர் எண்ணை வைத்து நிலையைப் பதியுங்கள். பிறகு வேறு முகவரிக்குப் போகச் சொல்லும் 303 பதிலைக் கொடுத்து முடிவுப் பக்கத்துக்கு அனுப்புங்கள். அது லிங்க்கைத் தட்டியது போன்ற கெட் கோரிக்கை என்பதால் குக்கி கூடவே வரும்.

5. லாகின் ஆகும் அந்த நொடி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பிரவுசிங் சென்டர் ஒன்றில் ஒருவர் உங்கள் லாகின் பக்கத்தைத் திறக்கிறார். லாகின் ஆகாதவருக்கும் உங்கள் தளம் ஒரு செஷன் குக்கி கொடுக்கிறது. டெவலப்பர் டூலைத் திறந்து அந்த மதிப்பைக் குறித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். அடுத்து வந்தவர் அதே பிரவுசரில் தன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போகிறார். உங்கள் கோடு பழைய ஐடியையே வைத்துக்கொண்டு அதில் பயனர் எண்ணை எழுதிவிட்டது. முதல் ஆள் வீட்டுக்குப் போய், குறித்த மதிப்பைத் தன் பிரவுசரில் போட்டால் போதும்; இரண்டாமவர் லாகின் ஆன கணக்கு திறக்கும். இதற்கு செஷன் ஃபிக்சேஷன் என்று பெயர். ஐடி எவ்வளவு தற்செயலாக இருந்தாலும் பயனில்லை.

ஆகவே வரிசை இது. முதலில் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது. சரி என்றால் பழைய செஷனை சர்வரில் அழிப்பது. பிறகு புது ஐடி. அதற்குப் பிறகுதான், புது செஷனில், பயனர் எண்ணை எழுதுவது. கடைசியில் குக்கி.

பிஎச்பியில் செஷன்_ரீஜெனரேட்_ஐடிக்கு ட்ரூ கொடுத்தால்தான் பழையது அழியும். கூடவே செஷன்.யூஸ்_ஸ்டிரிக்ட்_மோடை இயக்குங்கள். இயல்பாக அது அணைந்தே இருக்கும். அந்த நிலையில் பிரவுசர் தானாக இட்டுக்கட்டி அனுப்பும் ஐடியையும் பிஎச்பி ஏற்றுக்கொள்ளும். ஜாங்கோவில் லாகின் ஃபங்ஷனே ஐடியை மாற்றிவிடுகிறது. ஆனால் அதைக் கூப்பிடாமல் செஷனில் பயனர் எண்ணைக் கையால் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எக்ஸ்பிரஸில் ஐடியை மாற்றும் ரீஜெனரேட் உடனே முடிவதில்லை, முடிந்ததும் நாம் கொடுத்த ஃபங்ஷனை, அதாவது கால்பேக்கைக் கூப்பிடும். புதியவர்கள் பயனர் எண்ணை எழுதும் வரியை அந்தக் கால்பேக்குக்கு வெளியே, அடுத்த வரியாக எழுதுகிறார்கள். எண் பழைய செஷனுக்குப் போய் அதோடு அழிகிறது. லாகின் ஆகிறது, அடுத்த பக்கத்தில் மறுபடி லாகின் கேட்கிறது. அரை நாள் தேடிவிட்டு ரீஜெனரேட் வரியையே தூக்குகிறார்கள். எல்லாம் வேலை செய்கிறது! இப்படிப் போன வரிகளை நான் பல முறை திரும்ப எழுதவைத்திருக்கிறேன்.

லாகினுக்கு முன் கூடையில் போட்ட பொருட்களை என்ன செய்வது? கூடையை மட்டும் பெயர் சொல்லிப் புது செஷனுக்கு எடுத்துச் செல்லுங்கள். மொத்தத்தையும் நகலெடுத்தால் பழைய செஷனின் வேண்டாத குறிப்புகளும் கூட வரும்.

ஓடிபி இருந்தால் இன்னொரு பொறி. பாஸ்வேர்டு சரியானதும் பயனர் எண்ணைச் செஷனில் எழுதிவிட்டு, ஓடிபி பக்கத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு முகவரிப் பட்டையில் டாஷ்போர்டு என்று அடித்தால் நேராக உள்ளே! பாஸ்வேர்டுக்குப் பிறகு ‘ஓடிபிக்குக் காத்திருப்பவர்’ என்ற தனிப் பெயரில் எண்ணை வையுங்கள். ஓடிபியும் சரியான பிறகே பயனர் எண்ணை எழுதுங்கள், அப்போதும் ஐடியை மறுபடி மாற்றுங்கள். சாதாரணப் பயனர் நிர்வாகி நிலைக்கு உயரும்போதும் இதே விதி.

6. எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கலாம்

இரண்டு கடிகாரங்கள் வேண்டும். சும்மா இருந்தால் முடிவது ஒன்று, என்ன செய்துகொண்டிருந்தாலும் முடிவது மற்றொன்று. இரண்டாவது இல்லாவிட்டால், ஐடியைத் திருடியவர் அவ்வப்போது ஒரு தட்டு தட்டிக்கொண்டே அதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பார். 2017இல் வந்த நிஸ்ட் 800-63பி, நடுத்தரப் பாதுகாப்பு நிலைக்கு 30 நிமிடம் சும்மா இருந்தாலோ மொத்தம் 12 மணி நேரம் ஆனாலோ மறுபடி லாகின் கேட்கச் சொன்னது. பணம் புழங்கும் தளத்துக்கு இது நல்ல தொடக்கம். சமையல் குறிப்புத் தளத்துக்கு இரண்டு வாரம் கொடுத்தாலும் குற்றமில்லை. ஜாங்கோவின் இயல்பு அதுதான்.

காலாவதியைச் சர்வரில் பாருங்கள். குக்கியின் காலாவதி பிரவுசருக்குச் சொல்லும் வேண்டுகோள் மட்டுமே. பிரவுசரை மூடினால் போய்விடும் என்றும் நம்ப முடியாது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி குக்கியையும் சேர்த்தே திரும்பக் கொண்டுவரும்.

அறிவிப்பு வந்திருக்கிறதா என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் கேட்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறதா? அது சும்மா இருக்கும் கடிகாரத்தைத் தொடக் கூடாது. இல்லையென்றால் டேபைத் திறந்துவைத்துவிட்டு ஊருக்குப் போனாலும் செஷன் முடியாது.

ஐபி மாறினால் செஷனை முறிக்கலாமே என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம். மொபைல் டேட்டாவிலிருந்து வைஃபைக்கு மாறினாலே ஐபி மாறிவிடும்.

7. லாக்அவுட்

குக்கியை மட்டும் அழிப்பது லாக்அவுட் ஆகாது. டோக்கனைக் கிழித்துப் போட்டோம், ஸ்டாண்டில் செருப்பு அப்படியே இருக்கிறது. முதலில் சர்வரில் செஷனை அழியுங்கள், பிறகு குக்கியை. குக்கியை அழிக்கும்போது, கொடுத்தபோது இருந்த அதே பாத்தைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரவுசர் அதை வேறு குக்கி என்று நினைத்து விட்டுவிடும்.

பாஸ்வேர்டு மாற்றினால் அந்தப் பயனரின் மற்ற எல்லா செஷன்களும் போக வேண்டும். கணக்கில் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டுத்தானே பலர் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். நுழைந்தவரை உள்ளேயே விட்டுவிட்டுப் பூட்டை மாற்றி என்ன பயன்? பயனர் தகவலைக் கையொப்பமிட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடும் ஜேடபிள்யூடி டோக்கனை மட்டும் செஷனாக வைத்திருப்பவர்கள் திணறுவது இங்கேதான். கையொப்பமிட்டுக் கொடுத்ததைத் திரும்பப் பெற வழியில்லை. அதற்கென்று சர்வரில் ஒரு பட்டியல் வைத்தால், சுற்றி வந்து பழைய செஷன் டேபிளிலேயே நிற்பீர்கள்.

8. கசியும் இடங்கள்

பிழை லாகில் குக்கித் தலைப்பை முழுதாகப் பதிவது முதல் குற்றவாளி. நான் ஒருமுறை வேலை செய்த இடத்தில், ஒரு பிழையைப் பார்க்க வெளியாருக்கு அனுப்பிய லாக் கோப்பில் உயிருள்ள ஐடிகள் வரிசையாக இருந்தன. லாகில் அடையாளம் தேவை என்றால் ஹேஷின் முதல் எட்டு எழுத்து போதும். பிரவுசரிலிருந்து எடுக்கும் எச்ஏஆர் கோப்பிலும் (பிரவுசர் அனுப்பியது, பெற்றது எல்லாவற்றின் பதிவு) குக்கி இருக்கும். லாகின் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தில் நடந்து 2023 அக்டோபரில் வெளியான ஊடுருவலில், வாடிக்கையாளர்கள் உதவிப் பிரிவுக்கு அனுப்பிய எச்ஏஆர் கோப்புகளிலிருந்துதான் செஷன் டோக்கன்கள் திருடப்பட்டன.

அடுத்து கேஷ், அதாவது ஒருமுறை கொடுத்த பக்கத்தைச் சேமித்துவைத்து மறுபடி கொடுப்பது. லாகின் ஆனவருக்கான பக்கத்தில் கேஷ்-கன்ட்ரோல் தலைப்பை நோ-ஸ்டோர் என்று வையுங்கள். 2015 கிறிஸ்துமஸ் அன்று கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் கடையில் கேஷ் அமைப்பு பிசகியதால் ஒருவரின் கணக்குப் பக்கம் இன்னொருவருக்குத் தெரிந்தது. அதைவிட மோசம், செட்-குக்கி தலைப்போடு (குக்கியைக் கொடுக்கும் வரி) உள்ள பதிலைச் சிடிஎன் (பக்கங்களைப் பல ஊர்களில் சேமித்துத் தரும் சர்வர்கள்) சேமித்துவிட்டால் ஒரே ஐடி பலர் கைக்குப் போகும்.

9. சோதித்துப் பார்ப்பது

இதற்குத் தனிக் கருவி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகமும் டெவலப்பர் டூலும் போதும். பிரைவேட் விண்டோவில் லாகின் பக்கத்தைத் திறந்து குக்கியின் மதிப்பைக் குறியுங்கள். அது அ. லாகின் ஆகுங்கள், புது மதிப்பு ஆ. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஐந்தாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

வேறு பிரவுசரில் அ-வைப் போட்டு உள் பக்கம் ஒன்றைத் திறங்கள். லாகின் பக்கத்துக்குத் தள்ள வேண்டும். பிறகு அதே இடத்தில் ஆ-வைப் போடுங்கள். உள்ளே விடும், விடத்தான் வேண்டும். இப்போது முதல் விண்டோவில் லாக்அவுட் கொடுத்துவிட்டு, இரண்டாவதில் பக்கத்தைப் புதுப்பியுங்கள். இன்னும் உள்ளே இருக்கிறீர்கள் என்றால் நீங்கள் அழித்தது குக்கியை மட்டும்.

அப்புறம், நீங்களாகவே ‘தயிர்சாதம்’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துக் குக்கி மதிப்பாக அனுப்பிப் பாருங்கள். சர்வர் அதை ஒதுக்கிவிட்டுத் தன் ஐடி ஒன்றைக் கொடுக்க வேண்டும். பதிலில் செட்-குக்கியே வராமல், செஷன் டேபிளில் தயிர்சாதம் (அல்லது அதன் ஹேஷ்) என்றே ஒரு வரி உருவாகியிருந்தால், பிஎச்பியில் ஸ்டிரிக்ட் மோடு இன்னும் அணைந்தே கிடக்கிறது.